வேலை நேரத்துப் பார்வை

சிவகாசியில் அந்தக் காலண்டர் அச்சகத்தின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, உள்ளே யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் திலகவதி நினைத்தாள். இரும்புக் கதவுக்கு வெளியே, உச்சி வெயிலில் அத்தனை பேர் நின்றார்கள். கிட்டே போனதும் அந்த எண்ணம் போய்விட்டது. துக்கத்துக்கு யாரும் பவுடர் பூசிக்கொண்டு வருவதில்லை. குழந்தைகளுக்குத் தலை படிய வாரி, ரிப்பன் கட்டி, பொட்டு வைத்திருந்தார்கள். ஆண்கள் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். ஒரு கிழவர் புது வேட்டியைத் தழையவிட்டு, போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி விறைத்து நின்றார்.

கதவுக்கு உள்பக்கம் பெண்கள். எல்லோர் கண்ணிலும் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. எல்லோர் இடுப்பிலும் வார் கட்டிய சாம்பல் நிற டப்பா. அந்த டப்பாவைத் திலகவதிக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் ஓடுகிற நிரலில் முக்கால்வாசி அவள் எழுதியது.

பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள். ஆள் நுழைகிற சின்னக் கதவு பக்கத்திலேயே திறந்து கிடந்தது. வாட்ச்மேன் யாரையும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒருத்தியும் வெளியே ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"வாயத் தொற. இன்னும் பெருசா. எந்தப் பல்லும்மா ஆடுது?"

கேட்டவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். வெளியே அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த சிறுமி வாயைப் பிளந்து ஒரு பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். அதை அந்தப் பெண் பார்த்த பார்வை திலகவதியை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது. பசித்தவர் சோற்றைப் பார்ப்பதைப் போல இருந்தது அது.

மேனேஜர் பாலசுப்பு ஓடி வந்தார். "வாங்க மேடம். பாத்தீங்கள்ல? தெனமும் இதே கூத்துதான். சாப்பாட்டு பெல் அடிச்சா ஒரு ஆளு சாப்பிடப் போறதில்ல. தூக்குச்சட்டிய கேட்டு பக்கத்துலயே வச்சு ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, புள்ளயப் பாக்குறேன் புருசனப் பாக்குறேன்னு நிக்கிறாங்க. போன வாரம் பேப்பர் லாரி ரிவர்ஸ் எடுக்கையில ஒரு புள்ள குறுக்க ஓடிருச்சு. மயிரிழையில தப்பிச்சது. முதலாளி ஆடிப்போயிட்டாரு."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள் திலகவதி. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரியும்.

"வீட்ல தெரியலங்கிறாங்களே மேடம். இங்கனதான் தெளிவாத் தெரியுதாம். அது ஏன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் பேச்சை மாற்றி, சாப்பாட்டு நேரம் எத்தனை மணிவரை என்று கேட்டாள்.

கல்லூரிக் காலத்தில், அண்ணன் கழித்துப் போட்ட ஒரு லேப்டாப்பில் திலகவதி லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். அதில் திரையில் படம் வரைவதற்கு இரண்டு சிப் இருந்தன. ஒன்று கணினியின் மூளையோடு ஒட்டிப் பிறந்தது. சின்னது. பேட்டரியைக் கிள்ளிக் கிள்ளித்தான் தின்னும். மற்றது தனியாக வைத்தது. பெரியது. அது ஓடினால் படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் விசிறி இரையும், மடி சுடும், பேட்டரி கரைந்துபோகும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது அந்நாளில் பெரும் தலைவலி. திரை இருண்டுபோகும். சில சமயம் திரும்பி வரவே வராது. திலகவதி அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டாள். சின்னதா பெரியதா என்று லேப்டாப்பின் சொந்தக்காரர் சொன்னால் போதும், நிரல் மாற்றிக் கொடுத்துவிடும். எங்கெங்கோ இருந்து முன்பின் அறியாதவர்கள் நன்றி எழுதினார்கள்.

அந்த நிரலைப் பார்த்துத்தான் 'தெளிவு' நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைப் பார்வை கொடுக்கிற நிறுவனம். கண்ணாடியில் கேமரா, மண்டைக்குள் ஒரு மெல்லிய தகடு, இடுப்பில் லினக்ஸ் ஓடும் டப்பா. டப்பாவுக்குள் அதே கதை, இரண்டு சிப். சின்னது ஓடினால் சுவர் எங்கே, படி எங்கே, எதிரே வருவது ஆளா மாடா என்று சாம்பல் கோடுகளாகத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முட்டை தெரியும். பெரியது ஓடினால் நிறம், எழுத்து, இமை முடி எல்லாம் தெரியும். நல்ல கண் உள்ளவர்களுக்குத் தெரியாததும் தெரியும்.

அதனால்தான் அச்சகங்கள் இதில் பணம் போட்டன. நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க இந்தப் பெண்களைப் போல யாராலும் முடியாது. பட்டாசு விபத்துகளில் கண் போனவர்களுக்கு இலவசமாகப் பார்வை, கூடவே வேலை. பத்திரிகைகள் பாராட்டி எழுதின. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பெரிய சிப் அச்சக வளாகத்துக்குள் மட்டும் ஓடும். வெளியே சின்னது. அச்சகத்தின் வைஃபை எட்டுகிறதா என்று பார்த்து எதை ஓட்டுவது என்று முடிவு செய்யும் அந்த நாலு வரியை எழுதியவள் திலகவதி. எது ஓட வேண்டும் என்று சொந்தக்காரரே சொல்லும் வசதியை அவள்தான் அழித்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் அச்சுக்கூடத்துக்குள் போனாள். பல்லைக் காட்டச் சொன்ன பெண் மேஜைமேல் ஒரு லட்சுமி படத்தை விரித்து வைத்துக் குனிந்திருந்தாள். பெயர் மாரீஸ்வரி.

"மெட்ராஸ் கம்பெனில இருந்தா வந்திருக்கீங்க?" என்று சட்டென்று எழுந்துகொண்டாள். "மேடம், எங்களுக்குக் கண்ணு குடுத்தவங்க நீங்க. ஒக்காருங்க, ஒக்காருங்க."

"மேடம் வேண்டாம். திலகவதி."

"அப்ப அக்கான்னு சொல்றேன். பாருங்கக்கா, லட்சுமி ஒதட்டுல செவப்பு ஒரு மயிரளவு வெலகிருக்கு. வெறுங்கண்ணால பாத்தா யாருக்கும் தெரியாது. நாளெல்லாம் லட்சுமி மொகந்தான். எம்புள்ள மொகம் சாப்பாட்டு பெல்லுக்குத்தான்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்காமலே மிச்சத்தையும் சொன்னாள். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறை வெடித்தபோது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போனது எல்லாம் காதாலும் கையாலும்தான். இந்தக் கண்ணாடி வந்த பிறகு வீட்டில் பிள்ளை ஒரு சாம்பல் உருவமாக ஓடித் திரிந்தது.

"ஒருநா சோத்தை மறந்துட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு புள்ளயத் தோள்ல வச்சுக்கிட்டுக் கொண்டாந்தாரு. கேட்டுக்கு இங்கிட்டு நின்னு கைய நீட்டுறேன், அப்பத்தான்க்கா பாத்தேன். மொத மொத. புள்ள அவரு சாடைதான்னு எல்லாரும் சொல்லிவச்சிருந்தாங்க. அம்புட்டும் பொய். எங்கம்மாவ உரிச்சு வச்சிருக்கா."

திலகவதி லட்சுமி படத்தின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"இங்கன சிக்னல் நல்லாருக்கு போலன்னு மத்தவங்களுக்கும் சொன்னேன். பேச்சியம்மாக்கா என்னமோ, பத்ரகாளி காத்து இங்க வீசுது, அதான் கண்ணு தெளியுதுங்கும்." மாரீஸ்வரி குரலைத் தணித்தாள். "ஏன்க்கா, வீட்லயும் இப்படித் தெரியவைக்க முடியாதா? ஒரு மணி நேரம் போதும். அவ தூங்கையில பாத்துக்கிருவேன்."

"பேட்டரி பத்தாது" என்றாள் திலகவதி.

"அப்படியா. சரிக்கா."

அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. ஏன், எப்படி என்று ஒரு கேள்விகூட இல்லை. அவள் நம்பிவிட்டாள். பொய்யை இத்தனை சுலபமாக வாங்கிக்கொள்ளும் ஒருத்திக்கு முன்னால் உட்கார முடியாமல் திலகவதி எழுந்து வெளியே வந்தாள்.

மேனேஜர் அறையிலிருந்து சென்னைக்குப் பேசினாள். ஜோயல் அவளுடைய மேலாளர். நல்ல மனிதன். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன்.

"ஒரு வரி வேலை திலகா" என்றான். "அச்சுக்கூடத்துக்குள்ள இருக்கற வைஃபை ரவுட்டரை மட்டும் கணக்குல எடு. கேட்டுப் பக்கம் இருக்கறதை எடுத்துடு. அந்தப் பக்கம் வந்தா சின்னது ஓடட்டும். கூட்டம் தானாக் கலைஞ்சிடும்."

"அவங்க அங்க எதுக்கு நிக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். மேனேஜர் எழுதியிருந்தாரே."

"வீட்லயும் பெருசு ஓடினாத்தான் என்ன ஜோயல்?"

"நாம பேசி முடிச்ச விஷயம் இது. நடுரோட்ல பேட்டரி தீர்ந்து இருட்டாயிட்டா? கீழ விழுந்தா? அதை விடு. பெரிய சிப் ஓட ஓட ஆயுசு குறையும். அதுக்குப் பணம் யார் தர்றா? அச்சகம். எதுக்குத் தர்றாங்க? வேலைக்கு. அவங்க நிறுத்திட்டா அந்தப் பொண்ணுங்களுக்குச் சின்னதுகூடக் கிடையாது. மறுபடியும் குச்சிதான்." கொஞ்சம் நிறுத்தினான். "நாளைக்கே ஒரு குழந்தை லாரியில அடிபட்டா, அது நம்ம தலையிலதான் விழும்."

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் வசதியாக இருந்தது. திலகவதி லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை மாற்றி அனுப்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிற்பாடு அவளால் மறக்க முடியாமல் போனது அதைத்தான்.

மறுநாள் அவள் காலையிலேயே கிளம்பியிருக்கலாம். "மத்தியானம் ஒருதடவ இருந்து பாத்துட்டுப் போயிருங்க மேடம்" என்று பாலசுப்பு கேட்டுக்கொண்டதால் தங்கினாள். பேப்பர் கட்டுகள் அடுக்கிய கொட்டகை நிழலில் நின்றாள்.

பெல் அடித்தது. பெண்கள் அச்சுக்கூடத்திலிருந்து வந்தார்கள். வாசற்படியைத் தாண்டியதும் ஒவ்வொருத்தியும் ஒரு கணம் தடுமாறினாள். ஒரு சிப் நின்று இன்னொன்று எழும் இடைவெளியில் கண் முழுக்க இருட்டிவிடும். அப்புறம் சாம்பல் கோடுகள் வரும். ஏதோ கோளாறு, கதவருகே போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். வெளியே வழக்கமான கூட்டம் நின்றது. தலை வாரிய பிள்ளைகள், சலவைச் சட்டைகள்.

மாரீஸ்வரி கம்பியைப் பிடித்தாள். "சுபி எங்கங்க?"

"இந்தா நிக்கிறா, நேராத்தான்" என்றான் அவள் கணவன் காளீஸ்வரன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரியை நிறுத்திவிட்டுத்தான் தினமும் வருகிறான்.

"யம்மா, பல்லு விழுந்துருச்சு! காலையில விழுந்துருச்சு! பாரு!" சிறுமி வாயைப் பிளந்தாள்.

மாரீஸ்வரி தலையை முன்னால் கொண்டுபோனாள். பின்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு கம்பிக்குள் கையை விட்டுப் பிள்ளையின் வாயைத் தேடிப் பிடித்து, விரலால் ஈறைத் தடவினாள்.

"அடி ஆத்தி, ஆமா! விழுந்துருச்சே! எம்புட்டு அழகா இருக்கு!"

சிறுமி வாயை மூடிக்கொண்டாள். "நீ பாக்கல" என்றாள். "தொட்டுத்தான் பாத்த."

கதவின் மறுகோடியில் வயதான ஒருத்தி உள்ளே பத்தடி போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து பார்த்தாள். பேச்சியம்மா அவள்தான் போலிருக்கிறது. "நாமதான்டி என்னமோ தப்புப் பண்ணிட்டோம்" என்றாள் எல்லோரிடமும். "பத்ரகாளி காத்து வீசுற எடத்துல செருப்போட நின்னோம்ல." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கொதிக்கிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கழற்றினார்கள்.

திலகவதிக்கு ஓடிப்போய் அந்தச் செருப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. எடுத்துக் கொடுத்து என்ன சொல்வது? கொட்டகை நிழலிலேயே நின்றாள்.

"மெட்ராஸ் மேடம் அந்தா கொட்டாயில நிக்காங்க" என்று வாட்ச்மேன் யாரிடமோ சொன்னது மாரீஸ்வரியின் காதில் விழுந்துவிட்டது. சுவரை ஒட்டி வேகமாக வந்தாள்.

"அக்கா, நல்லவேளை, நீங்க இன்னும் போகல! என்னமோ கெட்டுப்போச்சுக்கா. நேத்து குளிக்கையில வாரைத் தண்ணியில நனைச்சிட்டேன். அதுனாலயா? என்னால மத்தவங்களுக்கும் போயிருச்சோ?"

"இல்ல மாரீஸ்வரி. உங்க தப்பு எதுவும் இல்ல."

"பின்ன என்னக்கா?"

"பாக்குறேன்" என்றாள் திலகவதி.

"பாருங்கக்கா. நீங்க பாத்தாச் சரியாயிரும்."

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பாலசுப்பு கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "பெரமாதம் மேடம். ஒரே நாள்ல முடிச்சிட்டீங்களே. காப்பி சாப்பிடுறீங்களா?"

அன்றைக்கு அவள் சென்னைக்குப் போகவில்லை. மறுநாள், சனிக்கிழமை காலையில், லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அந்த நிரலைத் திறந்தாள். கதவுப் பக்கத்து ரவுட்டரை மறுபடி சேர்த்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. கையை அதில் வைத்துவிட்டு எடுத்தாள். பழையபடி என்றால் என்ன? பெற்ற பிள்ளையைச் சிறைக்கம்பி வழியாகப் பார்ப்பது.

ரவுட்டர் சம்பந்தப்பட்ட வரிகளை முழுக்க அழித்தாள். அந்த இடத்தில், கல்லூரி நாளில் எழுதியதையே எழுதினாள். அணிந்திருப்பவர் கண்ணாடிக் காம்பை இரண்டு தட்டுத் தட்டினால் சிப் மாறும். எங்கே, எப்போது, யாரைப் பார்க்க என்பது அவர்கள் பாடு. பேட்டரி கால்வாசிக்கு இறங்கினால் பெரியது தானாக அணைந்துவிடும். நடந்து வீடு சேரச் சின்னதுக்கு மிச்சம் இருக்கும். இதை எழுதி, சோதித்து முடிக்க மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. நடுரோட்டில் இருட்டாகிவிடும் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த பெரிய காரணத்தின் எடை அவ்வளவுதான். வேண்டியிருந்தால் முதல் நாளே எழுதியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை.

புதிய நிரல் அவள் கையெழுத்தோடு போனால்தான் டப்பாக்கள் ஏற்றுக்கொள்ளும். கையெழுத்திட்டாள். சிவகாசிக்கு மட்டுமல்ல, திருப்பூர், ஆம்பூர், ஓசூர் என்று அந்த டப்பா ஓடும் எல்லா ஊருக்கும், இரவில் சார்ஜில் இருக்கும்போது டப்பாவில் ஏறும்படி அனுப்பினாள். மற்ற ஊர்களுக்குத் தட்டும் முறையைச் சொல்லும் குறிப்பும் கூடவே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோயல் கூப்பிட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"இதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தா நாளைக்கே டிவியில வந்துடும். அதைத் தெரிஞ்சுதான் பண்ணியிருக்கே" என்றான். "எத்தனை கம்பெனி ஒப்பந்தத்தை முறிக்கும்னு எனக்குத் தெரியல. புதுசா யாருக்கும் இந்தக் கண்ணு கிடைக்காம போகலாம். அதையும் யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"சரி. நாளைக்கு நீ ஆபீசுக்கு வர வேண்டாம் திலகா. என்னைக்குமே."

அன்றைக்கே மாரீஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த வீடுகளில் கடைசி. முந்தின நாளே போன் பண்ணி, வந்து ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்று திலகவதி சொல்லியிருந்தாள். உள்ளே போனதும் வேறெதுவும் பேசாமல், "கண்ணாடிக் காம்பை ரெண்டு தட்டுத் தட்டுங்க" என்றாள்.

மாரீஸ்வரி தட்டினாள். இடுப்பில் டப்பாவின் விசிறி எழுந்து இரைந்தது.

அவள் முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள். "இது பச்சையா? நீலம்னுல்ல சொன்னீங்க?" என்று கணவனைக் கேட்டாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். "எப்ப இம்புட்டு நரைச்சுச்சு உங்களுக்கு? கேட்டுக்கு மை பூசிக்கிட்டா வந்தீங்க?" காளீஸ்வரன் தலையைத் தடவிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அதற்குப் பிறகுதான், பயந்து பயந்து, மகள் பக்கம் திரும்பினாள். சிறுமி தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வைக்காத தலை, பொட்டில்லாத நெற்றி, கிழிந்த கவுன். கதவுக்கு வெளியே அலங்காரமாக நின்றவள் இல்லை இவள். மாரீஸ்வரி பக்கத்தில் போய்த் தரையில் படுத்து, மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தாள். "பல்லக் காட்டு" என்றாள். சிறுமி காட்டினாள். இந்த முறை அவள் விரலைக் கொண்டுபோகவில்லை.

வெகுநேரம் அப்படியே கிடந்தாள். காளீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் அடுப்பைப் பார்த்தான்.

எழுந்து வந்தபோது அவள் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. "பேச்சியம்மாக்கா குடுத்துவிட்டுச்சு. நீங்க சரி பண்ண வர்றீங்கன்னு சொன்னதும் குடுக்கச் சொல்லி. மல்லியப்பூ. அது உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணக் கோயிலுக்குப் போயிருக்கு." பூவை நீட்டிக்கொண்டே திலகவதியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு வேலை எடத்துல பாத்த மொகமா இது? என்னக்கா, அழுவுறீங்களா?"

"அந்தப் பூ எனக்கு வேண்டாம் மாரீஸ்வரி. நான் எதையும் சரி பண்ணல. நான்தான் கெடுத்தேன்."

"புரியலக்கா."

"இந்த டப்பாக்குள்ள படம் காட்டறதுக்கு ரெண்டு இருக்கு. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. பெருசு ஓடினா முகம் தெரியும். அதை வீட்ல ஓட விடாம, வேலை செய்யற இடத்துல மட்டும் ஓட விட்டது நான். சிக்னலும் இல்ல, பத்ரகாளி காத்தும் இல்ல. நான் எழுதினது."

"பேட்டரி பத்தாதுன்னீங்க."

"பொய்."

"அப்ப இது முன்னயே முடியுமா? இப்படி வீட்ல பாக்குறது?"

"முடியும்."

"எப்பேருந்து?"

"நீங்க இதை மாட்டின மொத நாள்ல இருந்து."

அடுப்படியிலிருந்து காளீஸ்வரன் வந்துவிட்டான். "எந்திரிங்க" என்றான். "எந்திரிச்சு வெளிய போங்க மேடம். பொம்பளயாச்சேன்னு பாக்குறேன். வேகாத வெயில்ல புள்ளயத் தூக்கிக்கிட்டு நாயா நின்னேன், எதுக்குடா நிக்கிறோம்னு தெரியாம."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மாரீஸ்வரி. அவள் இன்னும் திலகவதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுலயும் தெரியாமப் போச்சே. பேச்சியம்மாக்கா செருப்பக் கழத்துச்சே. அது?"

"அதுவும் நான்தான். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாத்தினேன்."

"எங்கிட்டப் பேசிட்டுப் போன பெறகா?"

"ஆமா. பேசிட்டுப் போன பிறகு."

மாரீஸ்வரியின் முகத்தில் கோபம் வரும் என்று திலகவதி காத்திருந்தாள். வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். வரவில்லை. மாரீஸ்வரி கையை உயர்த்தி, கண்ணாடிக் காம்பை இரண்டு தட்டுத் தட்டினாள். விசிறி இரைச்சல் இறங்கி அடங்கியது. வீடு அமைதியாயிற்று.

அந்த அறையில் அதன் அர்த்தம் திலகவதிக்குத்தான் முழுதாகத் தெரியும். முதலில் ஒரு கண இருட்டு. அப்புறம் சாம்பல் கோடுகளில் ஓர் ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை.

"மிச்சம் இருந்தாச் சொல்லுங்க" என்றாள் மாரீஸ்வரி. குரல் உயரவில்லை. "கேக்குறேன்."

திலகவதி சொன்னாள். ஒப்பந்தம், நாலு வரி, அதற்குத் தான் தலையாட்டிய ஆபீஸ் மீட்டிங், தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள், லாட்ஜில் புது நிரல் எழுத ஒரு காலைப் பொழுதுகூட ஆகாதது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் ஒன்று அவளுக்கு உறைத்தது. தன் கண்ணீரையும் தொங்கிய முகத்தையும் பார்த்து இவள் கொஞ்சம் இரங்குவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துத்தான் இங்கே வந்திருக்கிறாள். அந்த முகம் இப்போது ஒன்றுக்கும் உதவவில்லை. வார்த்தை மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. வெறும் வார்த்தையாகக் கேட்கும்போது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

சொல்லி முடித்து எழுந்தாள். "நான் வரேன்."

"சோறு வடிச்சாச்சு" என்றாள் மாரீஸ்வரி. "சாப்பிடாமப் போகக் கூடாது. ஒக்காருங்க."

காளீஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டுகளை எடுத்து வைத்தான். மல்லிகைப் பொட்டலம் யாரும் தொடாமல் ஜன்னலில் கிடந்தது. சிறுமி ஓடி வந்து திலகவதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மாரீஸ்வரி காம்பைத் தட்டினாள். விசிறி இரைய, மகளின் தட்டில் சோறு போட்டு, பிசைந்து, அவள் மெல்லுவதைக் கண் எடுக்காமல் ரசித்தாள். கணவனுக்குப் போட்டாள். அவன் நரையைக் கேலி செய்தாள். பிறகு குழம்புக் கரண்டியோடு விருந்தாளியின் பக்கம் திரும்பும் முன், இடது கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். விசிறி அடங்கியது. ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"போதும்" என்றாள் திலகவதி, குனிந்த தலை நிமிராமல்.

மறுபடி இரண்டு தட்டு. விசிறி இரைந்தது. மகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரசத்துக்கும் அப்படித்தான். மோருக்கும் அப்படித்தான்.